சுவிட்ச் மாமாவும் சூடேறாத பானைகளும்

என் மாமனாரைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அவருடைய வலது கை ஆள்காட்டி விரலிலிருந்துதான் தொடங்க வேண்டும். மற்றவர்களின் மாமனார்களுக்கு மீசை இருக்கும், தொப்பை இருக்கும், குறட்டை இருக்கும். என் மாமனாருக்கு விரல். எரிகிற விளக்கையும் ஓடுகிற மின்விசிறியையும் கண்டால் அது தானாக நீளும். டக். அதோடு கதை முடிந்தது. விளக்குக்குக் கீழே ஆள் இருக்கிறாரா, அவர் சாப்பிடுகிறாரா, கண்ணில் மருந்து விட்டுக்கொண்டிருக்கிறாரா என்பதெல்லாம் அந்த விரலுக்குத் தேவையில்லாத விஷயம். தெரு முழுக்க அவருக்குச் சுவிட்ச் மாமா என்றுதான் பெயர்.

ஊருக்குப் பொதுவான நீச்சல் குளத்தில் அவருக்கு வேலை. கூரை போட்ட பெரிய கட்டடம். அதில் மின்சார வேலை, குழாய் வேலை, பூட்டுவது, திறப்பது எல்லாம் அவர்தான். விடிவதற்கு முன்னால் கிளம்பிப் போனால் இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவார். இடுப்பில் எப்போதும் ஒரு சாவிக் கொத்து தொங்கும். மாமா வருவதற்கு முன்னால் அந்தச் சத்தம் வரும். கட்டடத்தின் எல்லாக் கதவுக்கும் அதில் சாவி உண்டு. அதிலிருந்து ஒற்றைச் சாவியை அவர் யாருக்கும் கழற்றிக் கொடுத்ததாகச் சரித்திரம் கிடையாது.

விரலுக்கு ஏன் இந்த வியாதி என்று நான் ஒருமுறை கேட்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் யாரோ உடை மாற்றும் அறையில் ஹீட்டரை அணைக்காமல் சாப்பிடப் போய்விட்டார்களாம். திரும்பி வருவதற்குள் துண்டு அலமாரி கருகிப் போயிருந்தது. "யாரு போட்டது?" என்று கேட்டதற்கு ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. "அன்னைக்கு முடிவு பண்ணேன்மா, யாரு போட்டாலும் நான் அணைச்சிடுவேன்னு" என்றார் மாமா. நல்ல முடிவுதான். அதற்காக இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறவளின் இஸ்திரிப் பெட்டியையுமா அணைப்பது?

நான் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த மறுநாள் காலை நடந்ததை மறக்கவே முடியாது. தலை நிறைய ஷாம்பு நுரையோடு குளியலறையில் நிற்கிறேன். டக். கும்மிருட்டு. கண்ணில் நுரை, கையில் பிடிபடாத சோப்பு, வாயில் "ஐயோ!" வெளியிலிருந்து என் மாமியார் சாவகாசமாகக் குரல் கொடுத்தார். "பயப்படாதம்மா, உங்க மாமாவோட விரல்தான். போகப் போகப் பழகிடும்." அன்று ராத்திரி சாப்பாட்டின்போது மாமாவிடம் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவரும் ஒன்றும் சொல்லாமல் அப்பளத்தை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

அந்த வியாதி ஒருத்தரோடு நின்றிருந்தால் பரவாயில்லை. குடும்பத்துக்கே தொற்றிவிட்டது. சின்ன வயதிலிருந்தே அறையை விட்டு வெளியே வரும்போது சுவிட்சைத் தட்டிவிட்டு வர வேண்டும் என்று பிள்ளைகளைப் பழக்கியிருந்தார் மாமா. விளைவு? எங்கள் கல்யாண வரவேற்பில் மேடையை விட்டு இறங்கும்போது என் வீட்டுக்காரர் போட்டோக்காரரின் விளக்கை அணைத்துவிட்டு இறங்கினார். என் நாத்தனார் பல் டாக்டரிடம் போனாள். பல்லைக் காட்டிவிட்டு எழுந்து வரும்போது டாக்டரின் தலைக்கு மேலிருந்த விளக்கைத் தட்டிவிட்டு வந்தாள். அடுத்த நோயாளி ஏற்கெனவே வாயைப் பிளந்து படுத்திருந்தார். இவர்களை வைத்துக்கொண்டுதான் என் மாமியார் ஒருநாள் ஊருக்கே ஹாட் சாக்லேட் போடக் கிளம்பினார்.

அத்தைக்கும் அதே குளத்தில்தான் வேலை. குளிக்க வருகிறவர்களுக்குத் துண்டு கொடுப்பது, ஈரத் துண்டை வாங்கித் துவைக்கப் போடுவது. அவருடைய துண்டு மேஜைக்கு எதிரே ஒரு சின்னக் கடை பூட்டியே கிடந்தது. ஜன்னல் இல்லாத ஓர் அறை, பின்னால் ஒரு கதவு, முன்னால் ஒரு ஷட்டர். அவ்வளவுதான் கடை. ஆனால் அத்தைக்கு அதன் மேல் பல வருடமாக ஒரு கண். "குளிச்சிட்டுப் புள்ளைங்க வெடவெடன்னு நடுங்கிட்டு வருது. கையில சூடா ஒண்ணு குடுக்க ஆள் இல்ல பாரு" என்பார். ஈரத் துண்டை மடித்து மடித்து அலுத்துப் போயிருந்தது அவருக்கு. தனக்கென்று ஓர் இடம், தன் கையால் ஒரு வேலை, தன் இஷ்டத்துக்கு ஒரு ஷட்டர். அவர் கேட்டது அது ஒன்றைத்தான்.

குளத்தின் செயலாளரோ அங்கே காசு போட்டால் பானம் கொட்டுகிற மெஷினை வைக்கத் துடித்தார். அத்தை விடவில்லை. நச்சரித்து நச்சரித்து ஒரு சலுகை வாங்கினார். வருடாந்தர நீச்சல் போட்டியன்று வருகிற கூட்டத்துக்கு அவர் ஹாட் சாக்லேட் போட்டுக் கொடுக்க வேண்டும். நன்றாக இருந்தால் கடை அவருக்கு. சொதப்பினால் மெஷினுக்கு. "பேச்சு மாற மாட்டேன்" என்றார் செயலாளர். அன்றிலிருந்து அத்தைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அத்தனை பேருக்கு அடுப்பருகே நின்று கிண்டிக்கொண்டிருந்தால் துண்டு கொடுப்பது யார்? அதற்கு நாத்தனார் வழி சொன்னாள். அவளிடம் பெரிய ஸ்லோ குக்கர் ஒன்று இருந்தது. நீச்சல் பயிற்சியாளரிடம் இன்னொன்று இருந்தது. காலையில் எல்லாவற்றையும் போட்டு மூடிவிட்டால் அதுபாட்டுக்கு மெல்லச் சூடாகும், அடி பிடிக்காது, ஆள் நிற்க வேண்டாம். அத்தை அதற்குச் சோம்பேறிப் பானை என்று பெயர் வைத்தார். வீட்டில் ஒத்திகை பார்த்தோம். முதல் ஒத்திகையில் என் வீட்டுக்காரர் அந்தப் பக்கமாகப் போனார். டக். இரண்டாவதில் நாத்தனார். டக். மூன்றாவது ஒத்திகையில் அத்தை பானைக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்றைக்குத்தான் சாக்லேட் சாக்லேட்டாக வந்தது.

போட்டியன்று காலை அத்தை குடும்பத்தையே கடைக்கு முன்னால் நிறுத்தி வைத்தார். "இந்த அறைக்குள்ள என்னையும் மருமகளையும் தவிர யாரும் காலெடுத்து வைக்கக் கூடாது. பூட்டிடுவேன். செயலாளர் குடுத்த சாவி என் பையில." சொல்லிவிட்டு மாமா பக்கம் திரும்பினார். "ஆனா உங்க கொத்துல இன்னொண்ணு இருக்கே. கையை நீட்டுங்க."

மாமா நல்ல பிள்ளையாக நீட்டினார். அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்குகிற பஞ்சுக் கையுறைகளை அத்தை அவர் இரண்டு கையிலும் மாட்டிவிட்டார். பூப் போட்டவை.

"கூட்டம் முடியற வரைக்கும் கழட்டக் கூடாது."

"மூக்கு அரிச்சா?"

"மருமககிட்ட சொல்லுங்க, சொறிஞ்சு விடுவா."

"நானா?" என்றேன். யாரும் காதில் வாங்கவில்லை.

சும்மா சொல்லக் கூடாது, அன்று அத்தையின் கைப்பக்குவம் பிரமாதம். கோகோ பவுடரையும் சர்க்கரையையும் முதலில் உலர்வாகக் கலந்தார். கொஞ்சம் கொஞ்சமாகச் சூடான பாலை விட்டுக் கட்டி தட்டாமல் குழைத்தார். இரண்டு பெரிய எவர்சில்வர் கேன்களில் வந்த பாலைப் பானைகளில் ஊற்றி, குழைத்ததையும் இனிப்பு டின் பாலையும் சேர்த்தார். நான் பொடிப் பொடியாக நறுக்கிக் கொடுத்த கறுப்பு சாக்லேட்டைத் தூவினார். கடைசியில் ஒரு சிட்டிகை உப்பு.

"உப்பு எதுக்கு அத்தை?"

"உப்பில்லாம இனிப்புக்கு ரோஷம் எங்கிருந்து வரும்?"

மூடியைச் சாத்திச் சுவிட்சைப் போட்டார். பானைகளில் சிவப்பு விளக்கு எரிந்தது. "மத்தியானம் வரைக்கும் இந்த மூடியைத் திறக்கவே கூடாது. திறந்தா சூடெல்லாம் ஓடிடும்" என்றார். நான் பேப்பர் கப் மூட்டையை எடுத்துக்கொண்டு முன்னால் போனேன். அவர் பின்னாலேயே வந்து, கதவைப் பூட்டி, சாவியைப் பையில் போட்டு, பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு துண்டு மேஜைக்குப் போனார்.

கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். வெளியே குளிர் வேறு வாட்டி எடுத்தது. விசில் சத்தம், அழுகைச் சத்தம், "கையை நீட்டி அடி, கையை நீட்டி அடி!" என்று கரையிலிருந்து நீந்தத் தெரியாத அப்பாக்களின் சத்தம். அதற்கு நடுவே பூப் போட்ட கையுறையோடு மாமா. கதவைத் தோளால் தள்ளினார், நாற்காலியை முழங்காலால் நகர்த்தினார். பார்த்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். ஒரு குழந்தை அவரை வேடிக்கை காட்ட வந்த ஆள் என்று நினைத்துப் பின்னாலேயே சுற்றியது. மாமா எதற்கும் அசரவில்லை. ஆளில்லாத அறையில் எரிந்த விளக்கைக்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டிப் போனதை நான் என் கண்ணால் பார்த்தேன். பாவமாக இருந்தது.

கடைசிப் போட்டி மூத்தவர்களுக்கானது. செயலாளரும் அதில் நீந்துவார். அவர் தொந்தியோடு தண்ணீரில் இறங்குவதைப் பார்த்ததும் அத்தை என் கையைப் பிடித்து இழுத்தார். "வா வா, இது முடிஞ்சா குளிச்சிட்டு நேரா இங்கதான் வருவார்."

பூட்டைத் திறந்தோம். விளக்கைப் போட்டோம். அத்தை கண்ணை மூடிக்கொண்டு மூடியைத் திறந்தார்.

ஆவி இல்லை. வாசனை இல்லை. நறுக்கிய சாக்லேட் கூழாங்கல் மாதிரி அப்படியே மிதந்தது. பானையைத் தொட்டுப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது. கதவோரம் விளக்குச் சுவிட்சுக்குப் பக்கத்திலேயே பானைகளின் சுவிட்ச். அணைந்து கிடந்தது.

அத்தையின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. சுவிட்சை ஓங்கித் தட்டிப் போட்டார். சிவப்பு விளக்கு எரிந்தது. எரிந்து என்ன பயன்? சோம்பேறிப் பானை, இனிச் சூடாக மணிக்கணக்கில் ஆகுமே!

"கூப்பிடு எல்லாரையும்!"

என் வீட்டுக்காரர் வந்தார், நாத்தனார் வந்தாள், கையுறையோடு மாமா வந்தார். அந்தச் சின்ன அறைக்குள் மூச்சு விட இடமில்லை.

"ஏங்க, ஒரு நாள்! ஒரே ஒரு நாள் அந்த விரலை அடக்க முடியலையா உங்களால?"

"நான் இந்தப் பக்கமே வரலம்மா."

"பூட்டு பூட்டினபடி இருக்கு. சாவி என் பையில இருக்கு. இன்னொரு சாவி யார் இடுப்புல இருக்கு?"

"கையில இதை மாட்டிக்கிட்டு எப்படிம்மா சாவி போடுவேன்?"

"உங்களுக்கா தெரியாது? முழங்கையால ஃபேனை அணைச்சவராச்சே நீங்க!"

அது உண்மைதான், நானே பார்த்திருக்கிறேன். எல்லோரும் மாமாவைப் பார்த்தோம். மாமா கையுறைகளைப் பார்த்தார்.

அத்தைக்குக் குரல் உடைந்துவிட்டது. "இந்த ஒரு கடையைத்தாங்க கேட்டேன். வேற என்ன கேட்டேன் உங்ககிட்ட? நான் எவ்வளவு ஜாக்கிரதையா பூட்டிட்டுப் போனேன் தெரியுமா? இதோ பாருங்க. இப்படி மூடியைச் சாத்தினேன். இப்படிப் பையை எடுத்து இடுக்கினேன். இப்படிக் கதவுகிட்ட வந்தேன். லைட்டை அணைச்சேன்..."

டக். டக்.

ஒன்றல்ல, இரண்டு. அறை இருண்டது. இருட்டில் பானைகளின் சிவப்பு விளக்காவது தெரிய வேண்டுமே, அதுவும் இல்லை. ஒரே வீச்சில் இரண்டு சுவிட்சையும் அத்தையின் விரல் தட்டிவிட்டிருந்தது. அவ்வளவு பேர் முன்னால், கையும் களவுமாக.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். அதையும் மீறி 'புர்' என்று ஒரு சத்தம் வெளியேறிவிட்டது.

"ஐயோ... நானா?" என்றது அத்தையின் குரல், இருட்டிலிருந்து, சின்னதாக.

மாமா நினைத்திருந்தால் அந்த நிமிடத்தில் முப்பது வருடக் கணக்கைத் தீர்த்திருக்கலாம். நானாக இருந்தால் ஆடித் தீர்த்திருப்பேன். அவர் கையுறைகளைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். "எல்லாத்தையும் பழையபடி பால் கேன்ல ஊத்துங்க. மூடியை இறுக்கிப் போடுங்க. மகாராணிகிட்ட போகலாம்."

மகாராணி என்பது குளத்தின் பாய்லர். குளிர்காலத்தில் அதை அணைக்கவே கூடாது என்பது நிர்வாகத்தின் உத்தரவு. மாமாவின் விரலுக்கு அடங்காத ஒரே ஜீவன் அதுதான். அதற்கு எதிரே போகும்போதெல்லாம் முறைத்துக்கொண்டே போவார். அன்று அதன் முன்னால் போய்க் கும்பிடாத குறையாக நின்றார்.

பாய்லர் அறையில் துண்டு அலசுகிற எவர்சில்வர் தொட்டி ஒன்று உண்டு. கேன்களை அதற்குள் நிறுத்தினோம். மாமா பாய்லரின் குழாயைத் திறந்தார். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் கேன்களைச் சுற்றி நிரம்பியது. ஆறிய தண்ணீரை என் வீட்டுக்காரர் திறந்து விட, மாமா புதுசாகச் சுடுதண்ணீர் விட, அத்தை நீளக் கரண்டியால் கிண்டிக்கொண்டே இருந்தார். கண்ணீரும் வியர்வையும் ஒன்றாக வழிந்தன. மெல்ல மெல்லக் கூழாங்கற்கள் கரைந்தன. நிறம் கறுத்தது. பிறகு அந்த வாசனை வந்தது பாருங்கள், நாத்தனார் சுவரில் சாய்ந்துவிட்டாள்.

அப்போதுதான் குளியலறைப் பக்கமிருந்து ஒரு அலறல் கேட்டது. ஒன்றல்ல, பத்துப் பன்னிரண்டு. ஆண் குரல், பெண் குரல், பிள்ளைக் குரல், எல்லாவற்றுக்கும் மேலே செயலாளரின் குரல்.

அத்தை கரண்டியை நிறுத்தினார். "என்னங்க சத்தம்?"

"ஷவர்ல போற வெந்நியெல்லாம் இங்க வந்துடுச்சில்ல" என்றார் மாமா.

"ஐயையோ! செயலாளர் சார் குளிக்கிறாரே!"

மாமா குழாயை இன்னும் கொஞ்சம் திறந்தார். "குளிக்கட்டும்."

அத்தனை வருடத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

கடையின் ஷட்டரை நாங்கள் தூக்கவும், வெடவெடவென்று நடுங்கிக்கொண்டு கூட்டம் வந்து மோதவும் சரியாக இருந்தது. முன்வரிசையில் செயலாளர். உடம்பில் ஒரு துண்டு, தலையில் ஒரு துண்டு, உதடு ஊதாக் கலர். பல் தந்தியடித்தது. அத்தை கப்பை நீட்டினார். அவர் அதை இரண்டு கையாலும் பிடித்து மூக்குக்கு நேரே கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டார். குடித்தார். கண்ணை மூடினார்.

"இன்னொண்ணு குடுங்க" என்றார்.

மூன்றாவது கப்பில் நடுக்கம் நின்றதும் மாமாவைத் தேடினார். "ஏம்ப்பா, வெந்நீர் ஏன் வரல?"

மாமாவின் முகத்தில் பால் வடிந்தது. "இன்னைக்குப் பாய்லருக்குக் கூட்டம் ஜாஸ்தி சார்."

"அதுவும் சரிதான்" என்று செயலாளர் நான்காவது கப்பை எடுத்தார். பிறகு அத்தையிடம் சொன்னார், "மெஷின்காரன்கிட்ட நாளைக்கே வேண்டாம்னு சொல்லிடறேம்மா. மெஷினாவது ஒண்ணாவது. ஒண்ணாந்தேதியிலேர்ந்து கடை உங்களுது."

அத்தை தலையாட்டினார். ஊற்றுகிற கை நிற்கவில்லை. அவர் அழுவதை ஆவி மறைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தார். மறைக்கவில்லை.

எல்லாம் முடிந்து பானை கழுவிக்கொண்டிருந்தபோது எனக்குத் திடீரென்று ஒரு யோசனை தட்டியது. தட்டியதும் வாய் சும்மா இருக்குமா?

"அத்தை, நான் கல்யாணமாகி வந்த மறுநாள் காலையில பாத்ரூம் லைட்டை அணைச்சாங்களே, ஞாபகமிருக்கா? மாமா விடியறதுக்கு முன்னாடியே வேலைக்குக் கிளம்பிடுவாரே. அன்னைக்கு மட்டும் எப்படி வீட்ல இருந்தாரு?"

அத்தையின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. என் வீட்டுக்காரர் கூரையை ஆராய்ந்தார். நாத்தனாருக்கு அவசரமாகச் செருப்பு தேட வேண்டியிருந்தது. இஸ்திரிப் பெட்டி, டிவி, படித்துக்கொண்டிருந்தபோது அணைந்த விளக்கு, வருடக்கணக்கில் எங்கள் வீட்டில் எது அணைந்தாலும் ஒரே தீர்ப்புதான். மாமாவோட விரல். நானும் அந்தத் தீர்ப்பை வாயாரச் சொல்லியிருக்கிறேன்.

அத்தை மெதுவாகத் திரும்பினார். "ஏங்க, இதெல்லாம் உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா வாயை மூடிட்டு இருந்தீங்க?"

மாமா பானையைத் துணியால் துடைத்தார். "யாரு அணைச்சதுன்னு நாலு பேரும் சண்டை போடுவீங்க. என்னைத் திட்டினா அதோட முடிஞ்சுது. அதுவுமில்லாம பாதி நான்தானே."

"இத்தனை வருஷம் உங்களை என்னென்ன பேசிட்டேங்க" என்றார் அத்தை. மாமா துணியை நீட்டினார். அத்தை அதில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மூக்கு நுனியில் கோகோ அப்பிக்கொண்டது. நாங்கள் யாரும் சொல்லவில்லை.

ஒன்றாம் தேதி கடை திறப்பு. ஷட்டரைத் தூக்குவதற்கு முன்னால் நாங்கள் எல்லோரும் உள்ளே கூடியிருந்தோம். புதுப் பானையில் முதல் சாக்லேட் தயாராகிக்கொண்டிருந்தது. மாமா ஸ்க்ரூடிரைவரோடு வந்தார். பானைச் சுவிட்சின் மேல் ஒரு சின்னத் தகரப் பெட்டியைப் பொருத்தி, அதற்கு ஒரு பூட்டும் போட்டார். இனி எந்த விரலாலும் அதைத் தட்ட முடியாது. பூட்டின் சாவியை அத்தையிடம் நீட்டினார். "ஒரே சாவி. என் கொத்துல இதுக்கு வேற சாவி கிடையாது. உன் கடை, உன் சாவி."

ஒரு சாவியைக்கூட யாருக்கும் கொடுக்காத மனிதர். அத்தை அதை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மாமாவின் இடுப்பிலிருந்த கொத்தைப் பிடித்து இழுத்து, வளையத்தைப் பிரித்து, அந்தச் சாவியைத் தன் கையாலேயே கோத்தார்.

"எங்கிட்ட இருந்தா நானே திறந்து அணைச்சிடுவேன். உங்ககிட்ட இருக்கறதுதாங்க பத்திரம்."

மாமா கொத்தை இரண்டு தரம் தட்டிப் பார்த்தார். "சரி சரி, எனக்கு வேலை கிடக்கு" என்று விறுவிறுவென்று கதவைத் தாண்டிப் போனார்.

டக்.

கும்மிருட்டு. என் கையிலிருந்த சாக்லேட் பாதி என் வீட்டுக்காரர் சட்டையில். "யாரது?" என்று கத்தினாள் நாத்தனார்.

இந்தத் தடவை நிஜமாகவே மாமாதான்.